உன் பெட்டி மணியும் என் கையும்

சம்பத்து,

இங்க எல்லாரும் சௌக்கியம்னுதான் முதல் வரி எழுதணும். உங்கம்மா சௌக்கியம், உங்க மாமன் சௌக்கியம், கொல்லையில முருங்கைகூட சௌக்கியம்தான். உடம்புக்கு எனக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா நான் பயந்துக்கினு இருக்கேன். ஞாயித்துக்கிழமை நீ பெங்களூர்ல வண்டி ஏறி, பங்காருபேட்டையில மாறி, சாம்பியன் ரீப்ஸ்ல இறங்கி வீட்டுக்கு வந்தியானா, வாசல்லயே கையில காபியைக் குடுத்து உங்கம்மா பேச ஆரம்பிச்சுடுவா. அவ பேச்சுக்கு நடுவுல நான் வாயைத் திறந்தா 'இன்னா நைனா, சும்மா இரு'ன்னு நீ சிரிச்சு மழுப்பிடுவே. மறுநாள் காலையில நீ செஞ்ச பெட்டி அடிக்கற மணியில ஆளுங்களை ஏத்தினு முதல் கேஜ் சுரங்கத்துக்குள்ள இறங்கப் போவுது. அதுல நீ நிக்கப் போறே. மேல லீவரைப் பிடிச்சுக்கினு நான் உக்காந்திருக்கணும்னு ஏற்பாடு. அதைப் பத்திதான் எழுதறேன். எழுத்துல சொன்னா நீ குறுக்க பேச முடியாது பாரு.

என் வேலையை சின்ன வயசுலேர்ந்து பார்த்தவன்தான் நீ, ஆனா என் நாற்காலியில உக்காந்து பார்த்ததில்லை. கயித்தைச் சுத்தி இறக்கி ஏத்தற வைண்டிங் ரூம்ல உக்காந்த டிரைவருக்கு ஷாப்டுக் குழியும் தெரியாது, கேஜுக் கூண்டும் தெரியாது, அதுல நிக்கறவன் மூஞ்சியும் தெரியாது. எதிர்ல கேஜ் எங்க இருக்குன்னு காட்டற டயல், கைக்கு ரெண்டு லீவர், தலைக்கு மேல மணி, அவ்வளவுதான். ஷாப்டு வாசல்ல பெல்மேன் அடிப்பான், நான் கேட்டபடி கயித்தை விடுவேன், இழுப்பேன். நம்ம ஷாப்டுல ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா இறக்கு, மூணு அடிச்சா ஏத்து. மணி சொன்னதைச் செய்யணும், உக்காந்து யோசிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் யோசிச்சேன், மேஸ்திரி பின்னாலேர்ந்து தலையில ஒரு தட்டு தட்டினாரு. அதுக்கப்பால என் கை காதோட சேர்ந்துபோச்சு. ரெண்டு அடிச்சு மணி ஓஞ்சா, என்னைக் கேக்காமயே கை லீவரைத் தள்ளும். உங்கம்மாவைக் கேளு. கல்யாணமான புதுசுல பக்கத்து வீட்டுக்காரி அம்மிக்கல்லுல ரெண்டு தட்டு தட்டினாள்னு நான் தூக்கத்துலயே கையைத் தள்ளி, இவளைக் கட்டில்லேர்ந்து கீழ இறக்கிட்டேன். அதை இன்னிக்கு வரைக்கும் அவ ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கா.

இந்த மூணோட நின்னா பரவாயில்லை. பூமிக்குள்ள அடுக்கடுக்கா இருக்கற ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு மணி அழைப்பு வேற இருக்கு. அறுபதாவது லெவலுக்கு ரெண்டு, கொஞ்சம் விட்டு, மூணு. அந்தக் கொஞ்சத்துலதான் அத்தனை பேர் உயிரும் இருக்கு. விடாம அடிச்சா அஞ்சு, அது வேற லெவல். அதிகமா விட்டா ரெண்டு தனி, மூணு தனின்னு ஆயிடும், ரெண்டுன்னா இறக்கு. ஆளுங்க ஏறிக்கினு இருக்கறப்பவே பெல்மேன் எந்த லெவலுக்குப் போகணும்னு அழைப்பை அடிச்சுடுவான். எல்லாரும் ஏறி, கதவைச் சாத்தின அப்பாலதான் இறக்குன்னு ரெண்டு அடிப்பான். அழைப்புல வர்ற ரெண்டை இறக்கற ரெண்டுன்னு என் காது எடுத்துக்கினா இன்னா ஆவும்னு உனக்குச் சொல்லத் தேவையில்லை. அழைப்பையே மாத்திடலாமேன்னு நீ ஒருக்கா கேட்டே. எங்கப்பா காலத்துலேர்ந்து ஷாப்டுல இறங்கற ஒவ்வொருத்தனுக்கும் அது எலும்புல ஊறிக் கிடக்கு. மாத்தினா பாதிப் பேர் பழசை அடிப்பான், பாதிப் பேர் புதுசை அடிப்பான். யோசிச்சுப் பார்த்து நீயே வேணாம்னு விட்டுட்டே.

உங்க மாமன் ஏழுமலைக்குக் கால் விரல் போனது அந்த ரெண்டாலதான். நீ அப்போ பாலிடெக்னிக்ல படிச்சுக்கினு இருந்தே. அன்னிக்குப் பெல்மேனுக்கு இருமல். கல்லுத் தூசி தின்ன நெஞ்சு, இங்க யாருக்குத்தான் இருமல் இல்லை. அறுபதுக்கு அழைப்பு அடிக்க ஆரம்பிச்சு ரெண்டு அடிச்சான், மூணு அடிக்கறதுக்குள்ள இருமல் வந்து அவனை மடக்கிப் போட்டுடுச்சு. மேல நான் கேட்டது ரெண்டு. அப்பால மணி ஓஞ்சுபோச்சு. கை தள்ளிடுச்சு. மாமன் ஒரு காலைக் கேஜ்லயும் ஒரு காலை வெளியிலயும் வெச்சுக்கினு நின்னவன். பெல்மேன் இருமிக்கினே ஒண்ணு அடிச்சான், நான் நிறுத்திட்டேன், அதுக்குள்ள ரெண்டு விரல் போச்சு. டிரைவர் மணிப்படி நடந்தார்னு விசாரணையில எழுதிக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரியில நான் போய் நின்னப்போ உங்க மாமன், 'ரெண்டு விரல்தானே மாமா, செருப்பு ஒரு சைசு கம்மியா வாங்கிக்கறேன்'னு சிரிச்சான். நீ அவன் கால்மாட்டுல உக்காந்துக்கினு சிரிக்காம என்னையே பார்த்தே. அன்னிக்கே இந்தப் பெட்டி உன் மண்டையில ஏறிடுச்சுன்னு எனக்கு இப்போதான் தெரியுது.

போன பொங்கலுக்கு வந்தப்போ நீ வாய் ஓயாம பேசினது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கு. 'மனுசன் ஒவ்வொரு தடவையும் புதுசா அடிக்கறதாலதான் நைனா தப்பு வருது. ஒருக்கா சரியா அடிச்சு அதைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டா? அப்பால எத்தனை தடவை வேணும்னாலும் பித்தானை அமுக்கி அதையே எடுத்துக்கலாம். பெட்டிக்கு இருமல் வராது'ன்னே. உள்ள ஒரு உருளை, அதுல முளை முளையா, முளைக்கு ஒரு மணி. ஒரு லெவலுக்கு ஒரு பித்தான். எனக்குச் சந்தோஷமாதான் இருந்துச்சு. அப்பால நீயே தலையைச் சொறிஞ்சுக்கினு சொன்னே, 'ஆனா ஒரு சிக்கல் கீது. கரெண்டு குறைஞ்சா உருளை மெதுவா சுத்தும், நடுவுல விட்ட இடம் நீண்டு போவும், நீ மறுபடியும் ரெண்டுன்னு எடுத்துக்குவே.' உங்கம்மா பொங்கலுக்கு வெல்லமும் கடலைப் பருப்பும் வாங்கியாந்திருந்தா. அந்தப் பொட்டலத்தை எடுத்து என் கையில வெச்சே. 'உள்ள எத்தனை பொருள் இருந்தாலும், நடுவுல எவ்வளவு இடம் இருந்தாலும், நூல் போட்டுக் கட்டிட்டா கையில இருக்கறது ஒரே பொட்டலம்தானே? அதுமாதிரி அழைப்புக்கு முன்னால மணியில ஒரு நீட்டல், பின்னால ஒரு நீட்டல். ரெண்டாவது நீட்டல் வர்ற வரைக்கும் நீ இன்னா கேட்டாலும் கையை ஆட்டக் கூடாது.' சரிடான்னு சொன்னேன். சொல்றது சுலபமா இருந்துச்சு.

அதுக்கப்பாலயும் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அடி லெவல்ல அடிச்சது மேல வர்றதுக்கு வழியில இன்னொரு பெட்டி அதை வாங்கி மேல அனுப்பணும்னு வெச்சே. முதல் தடவை சோதிச்சப்போ அந்த நடுப்பெட்டி நூலை, அதான் அந்த ரெண்டு நீட்டலை, தனக்குன்னு நினைச்சு அவிழ்த்துட்டு, உள்ள இருந்த ரெண்டையும் மூணையும் மட்டும் மொட்டையா மேல தள்ளிவிட்டுடுச்சு. அது காலி கேஜ், அதனால பிழைச்சோம். அன்னிக்கு நீ வீட்டுக்கு வந்து சோத்தைப் பிசைஞ்சு வெச்சுக்கினு அப்படியே உக்காந்திருந்தே. நடுவுல வாங்கறவன் பிரிச்சுப் பார்க்காம வாங்கினபடியே குடுக்கணும், அப்படி ஒரு வழி பண்ணிட்டேன்னு ரெண்டு நாள் கழிச்சு சொன்னப்போதான் உன் மூஞ்சி தெளிஞ்சுது. அந்த வாரம் நீ இளைச்சுட்டேன்னு உங்கம்மா இன்னும் புலம்பறா. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, உன் பெட்டி மேல எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வீட்டுல யாருக்கும் இல்லை. நந்திதுர்க் சுரங்கத்துலேர்ந்து வந்து பார்த்துட்டுப் போனவங்களும் அங்கயும் ஒண்ணு வேணும்னு கேக்கறாங்க. எனக்குப் பயம் என் கை மேலதான்.

போன வாரம் பூரா டிரைவருங்களை உக்கார வெச்சு காலி கேஜ்ல பழக்கினாங்க இல்லையா. மாணிக்கத்துக்கு ஒரே நாள்ல வந்துடுச்சு. லைசென்சு வாங்கி இன்னும் ஈரம்கூட காயலை அவனுக்கு, பழசு ஒட்டவே இல்லை, அதனால புதுசு ஒட்டிக்கிச்சு. எனக்கும் வந்துடுச்சுன்னு இன்ஜினியர் எழுதிக்கினு போனாரு. வரலை சம்பத்து. முதல் நீட்டல் வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கினு உக்காந்தேன், ரெண்டு அடிச்சுது, நடுவுல அந்த இடம் வந்துச்சு, என் கை லீவர் மேல முன்னால சாய்ஞ்சுது. பிரேக் விடறதுக்குள்ள நான் இழுத்துப் புடிச்சுட்டேன். டயல் முள் அசையலை, அதனால யாருக்கும் தெரியலை. அப்பால சரியாதான் பண்ணேன், ஆனா ஒவ்வொரு தடவையும் வலது கையை இடது கையால புடிச்சு நிறுத்தற மாதிரி இருந்துச்சு. ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா சட்டை முதுகுல ஒட்டிக் கிடந்துச்சு. காத்து நல்லா வீசிக்கினு இருந்த நாள் அது.

வீட்டுல பழகிக்கலாம்னு நினைச்சேன். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிச்ச அப்பால, உங்கம்மாவைக் கூப்பிட்டு கையில கரண்டியைக் குடுத்து பித்தளைக் குடத்துல அடிக்கச் சொன்னேன். நீட்டலுக்குக் கரண்டியால குடத்து வயித்தைத் தேய்ப்பா, அப்பால ரெண்டு, கொஞ்சம் விட்டு மூணு, மறுபடியும் தேய்ப்பா. நான் குடைக் கைப்பிடியை லீவர்னு வெச்சுக்கினு நாற்காலியில உக்காந்தேன். தேய்ச்சா. ரெண்டு அடிச்சா. குடை முன்னால போச்சு. 'ஐயே, இன்னாங்க இது'ன்னு சிரிச்சா. மறுபடியும் அடிச்சா, மறுபடியும் போச்சு. வேணும்னே பண்றேன்னு நினைச்சு இன்னும் சிரிச்சா. கண்ணை மூடிக்கினு அடிக்கச் சொன்னேன், மணியை மனசுல எண்ணாம பாட்டு நினைச்சுக்கினு உக்காந்தேன், இன்னான்னாவோ பண்ணிப் பார்த்தேன். சில தடவை நிக்குது, சில தடவை போவுது. எப்போ நிக்கும், எப்போ போவும்னு எனக்கே தெரியலை. கொஞ்ச நேரத்துல உங்கம்மா சிரிக்கறதை நிறுத்திட்டா. கரண்டியை வெச்சுட்டு என் எதிர்ல வந்து உக்காந்து என் வலது கையைத் தூக்கி அவ மடியில போட்டுக்கினா. 'இந்தக் கையை நம்பியா என் புள்ளையை அதுல ஏத்தறேன்'னு கேட்டா. அந்தக் கையாலதான் இத்தனை வருஷமா அடுத்தவ புள்ளைங்களை இறக்கி ஏத்திக்கினு இருக்கேன்னு சொல்ல வாய் வந்துச்சு, சொன்னா அவளுக்கு இன்னும் பயம் அதிகமாவும்னு விட்டுட்டேன்.

மறுநாள் இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். நம்ம மேல மரியாதை உள்ளவர்தான், ஆனா கோவம் மூக்கு மேல இருக்கும். 'யாக்ரீ, ஏன், உங்க பையன் பெட்டி, உங்க கை, இதைவிடப் பெருமை இன்னா வேணும்? மேலிடத்துலேர்ந்தெல்லாம் ஆள் வர்றாங்க, இப்போ வந்து மாட்டேன்னா?'ன்னாரு. உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். என்னமோ வாய் வரலை. 'பயமா இருக்கு சார்'ன்னேன். 'உங்களுக்கா?'ன்னாரு. 'எனக்குத்தான் சார். மணி வந்தா என் கை பழசுக்குப் போவுது. நேத்து என் சம்சாரம் குடத்துல அடிச்சு பார்த்துட்டோம்'னேன். சிரிப்பாருன்னு நினைச்சேன். அவரு பேனாவைக் கீழ வெச்சாரு. அப்பால மாணிக்கத்தைக் கூப்பிட்டு அனுப்பிச்சாரு. வர்ற திங்கக்கிழமை அவன்தான் உக்காருவான். இது உனக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். நைனா கையால முதல் கேஜ் இறங்கணும்னு நீ பெங்களூர்ல உன் கூட்டாளிங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்னு மாமன் சொன்னான். நான் இல்லைன்னா அது உன் பெட்டிக்குக் குறைச்சல்னு நினைச்சுக்காதே கண்ணு.

உனக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டா கேளு. நீ இனிமே நிறைய செய்வே, இதைவிடப் பெருசா செய்வே. ஒரு உத்தரவை ஒருக்கா கட்டி வெச்சு ஆயிரம் தடவை எடுக்கறது உன் தொழில்னு ஆயிடுச்சு. கட்டறப்போ கட்டறவனை மட்டும் நினைக்காதே, அதை வாங்கற கையையும் போய்ப் பாரு. புதுசா கத்துக்கினவனை வெச்சு மட்டும் சோதிக்காதே, என்னை மாதிரி பழசு ஊறினவனையும் உக்கார வெச்சுப் பாரு. அவனைக் கேட்டா சரியா வருதுன்னுதான் சொல்லுவான், வேலை போவும்னு பயம், வெக்கம் வேற. அவன் சொல்றதைக் கேக்காதே, கையைப் பாரு. இன்னொண்ணு, உனக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. இந்த ஊர்ல ஆம்பளைங்க அதைச் சொல்லாம சொல்லாமதான் நெஞ்சு கல்லாயிடுச்சு. பூமிக்குள்ள பாறை வெடிச்சு லைன் வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும், எழுந்து போய்க் குடத்தை நிமித்தி வெச்சுட்டு வந்து படுப்போம், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டோம். நீ குழந்தையா இருந்தப்போ அப்படி நடந்தா என்னைக் கட்டிப் புடிச்சுக்குவே. எனக்கும் யாரையாவது கட்டிப் புடிக்கணும்னு இருக்கும், உன்னைப் புடிச்சுக்குவேன். நீ தைரியம் வாங்கிக்கினதா நினைச்சே, வாங்கிக்கினது நான்தான்.

இப்போ கடைசி சேதி. லீவர்ல நான் இல்லைன்னு ஆன அப்பால மேல உக்காந்துக்கினு மணியைக் கேட்டுக்கினு இருக்க என்னால முடியாது. இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டேன், அறுபதாவது லெவலுக்குப் போற அந்த முதல் கேஜ்ல நானும் வர்றேன். நம்ம குடும்பத்துல எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரு பழக்கம் இருக்கு, அப்பனும் புள்ளையும் ஒரே கயித்துல இறங்கறதில்லை. அண்ணன் தம்பியும் இறங்கறதில்லை. ஒண்ணு போனாலும் ஒண்ணு வீட்டுக்கு மிஞ்சணும்னு. நான் கீழ இறங்கற காலத்துல உங்க மாமன் ஏறின கேஜைக்கூட எத்தனையோ தடவை விட்டுட்டு அடுத்ததுல போயிருக்கேன். அந்தப் பழக்கத்தை மீறப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்றதுதான் எனக்கு மலையா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் அரிசி களைஞ்சுக்கினு இருந்தவகிட்ட சொன்னேன். அவ கை தண்ணியிலயே நின்னுபோச்சு. சண்டை போடுவாள்னு பார்த்தேன். 'ரெண்டு பேருமா'ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். அவ, 'போங்க. மேல இருந்தா நீங்க அதைவிட சீக்கிரம் செத்துடுவீங்க. நான் ஷாப்டு வாசல்ல வந்து நிக்கறேன், யாராவது தடுத்துப் பார்க்கட்டும்'னு சொல்லிட்டு மறுபடியும் களைய ஆரம்பிச்சா. நீ வந்ததும் அவகிட்ட இதைப் பேசாதே, அவளா பேசினா மட்டும் பேசு.

எனக்குக் கேஜ்ல நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. கயித்தோட அந்த முனையில நிக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு, மறந்ததாலதான் வேலை செய்ய முடிஞ்சுது. அடிக்கற மணி ஷாப்டு வாசல்லயும் கேக்கும், அதனால உன் முதல் நீட்டல் எனக்கும் கேக்கும். அப்போ நான் உன் பக்கத்துல நின்னு உன் கையைப் புடிச்சுக்கினு இருப்பேன். வளர்ந்த ஆம்பளைன்னு வெக்கப்படாதே, இருட்டுல யாருக்கும் தெரியாது. அப்பால ரெண்டு அடிக்கும். என் கை உன் கையை வெடுக்குனு முன்னால தள்ளும், எனக்குத் தெரியும், தள்ளும். பக்கத்துல நிக்கறவங்க கேட்டா டிரைவர் பழக்கம்னு சொல்லிக்கோ. உனக்கு நான் பொய் சொல்லலை, அது பயம்தான். மூணு அடிச்சு, ரெண்டாவது நீட்டல் வர்ற வரைக்கும் என் கையை விடாதே.

உன் நைனா